ஒரே மிதி, வேறு வேறு வாட்ஸ்: திருகோணமலையில் பவர் மீற்றர் பாவித்த அனுபவம்

சைக்கிளை மிதிக்கும் வலுவை வாட்ஸில் அளக்கும் கருவிதான் பவர் மீற்றர். இடது கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) மட்டும் அளக்கும் ஒன்றோடு தொடங்கி, பிறகு இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும் பெடல்களுக்கு மாறினேன். மாரி மழையில் வெளியே இறங்க முடியாத நாட்களுக்கு வீட்டில் ஒரு ஸ்மார்ட் ட்ரெயினர் (சைக்கிளைப் பொருத்தி நின்ற இடத்திலேயே மிதிக்க, வாட்ஸையும் காட்டும் கருவி) நிற்கிறது. வருடக்கணக்கில் மூன்றையும் பாவித்த பிறகு சொல்கிறேன்: மூன்றும் ஒரே எண்ணைக் காட்டாது. அதற்காகக் கருவியை விற்க ஓடத் தேவையில்லை. எந்த வித்தியாசம் இயல்பு, எது பழுது என்று பிரித்தறிந்தால் போதும்.

முதலில், எங்கே அளக்கிறது என்று பாருங்கள். பெடல் கால் கொடுக்கும் விசையை நேரே வாங்குகிறது. ட்ரெயினருக்கு அந்த விசை செயினையும் பற்சில்லையும் தாண்டித்தான் போகிறது. வழியில் 2 முதல் 4 வீதம் வரை தொலைந்துவிடும். பெடலில் 200 வாட்ஸ் என்றால் ட்ரெயினரில் 194 வருவது சரியான கணக்கு. நிலாவெளி வீதியில் ஓடிய செயினில் உப்பும் மணலும் ஏறியிருந்தால் இன்னும் குறையும். இதற்கு மேல், தயாரிப்பாளர்களே 1 முதல் 2 வீதம் வரை கூடலாம், குறையலாம் என்கிறார்கள். ஒன்று மேலேயும் மற்றது கீழேயும் நின்றால், இரண்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றிக்கொண்டே, செயின் இழப்போடு சேர்த்து 10 வாட்ஸ் தள்ளி நிற்கும்.

இடது பக்க மீற்றரின் கதை வேறு. அது ஒரு காலை அளந்து இரண்டால் பெருக்குகிறது. இடது 48, வலது 52 வீதம் என்று மிதிப்பவருக்கு உண்மையான 200 வாட்ஸ், 192 ஆகத் தெரியும். அந்த விகிதம் நிலையாக இருந்தால் மனதுக்குள் திருத்திக்கொள்ளலாம். ஆனால் என் பெடல் பதிவுகளில், குச்சவெளி போய்த் திரும்பும்போது கால் களைத்ததும் விகிதம் நகர்கிறது. தன் பழைய ஓட்டத்தோடு இன்றைய ஓட்டத்தை ஒப்பிட இடது மீற்றர் தாராளமாகப் போதும். பக்கத்தில் ஓடுபவரோடு ஒப்பிட அதை நம்ப மாட்டேன்.

பெடல் வாங்குபவர்கள் கிராங்கின் நீளத்தை அமைப்பில் சரிபார்க்க வேண்டும். உங்கள் கிராங் 170 மில்லிமீற்றர், செயலியில் 172.5 என்று கிடந்தால் எல்லா எண்ணும் ஏறத்தாழ 1.5 வீதம் கூடிவிடும்.

எங்கள் ஊரில் பெரிய விஷயம் வெக்கைதான். விசையை உணரும் நுண்ணிய பட்டிகள் உலோகத்தில் ஒட்டியிருக்கின்றன. சூட்டில் உலோகம் விரிந்தால் பூச்சியப் புள்ளி நகரும். பல கருவிகள் வெப்பத்துக்கேற்பத் தாமே திருத்திக்கொள்ளும். ஆனாலும் ஏசி அறையிலிருந்து எடுத்த சைக்கிளை அப்படியே கச்சான் (மேற்கிலிருந்து வீசும் சூட்டுக் காற்று) காலத்து வெயிலில் இறக்குவது சரியல்ல. வெளியே கொஞ்ச நேரம் நிறுத்தி, கையேட்டில் சொன்னபடி சீரோ செய்துவிட்டுத்தான் (விசை இல்லாத நிலையைப் பூச்சியமாகப் பதிந்துவிட்டுத்தான்) ஏறுவேன். நிலாவெளியில் தேத்தண்ணிக்கு நின்றால், ஷூவைப் பெடலில் இருந்து கழற்றிவிட்டு இன்னொரு தடவை. இது ஒரு நிமிட வேலை, தவறவிடாதீர்கள்.

கருவியை விடச் செயலிகள்தான் ஆட்களை அதிகம் குழப்புகின்றன. ஒரு மணித்தியால ஓட்டத்தில் 50 நிமிடம் 180 வாட்ஸில் மிதித்து, 10 நிமிடம் மிதிக்காமல் உருண்டதாக வையுங்கள். பூச்சியங்களைச் சேர்த்தால் சராசரி 150, விட்டால் 180. ஒரே கோப்பு, 30 வாட்ஸ் வித்தியாசம்! கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள், இது கண்ணுக்கு முன்னாலேயே நடக்கும். ‘நோர்மலைஸ்ட் பவர்’ என்பது, ஏறி இறங்கும் ஓட்டத்தின் பாரத்தை ஒரே எண்ணில் காட்டுவதற்காக, 30 செக்கன் நகரும் சராசரிகளை நான்காம் அடுக்குக்கு உயர்த்திச் சராசரி கண்டு, அதற்கு நான்காம் மூலம் எடுப்பது. ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியின் ‘வெயிட்டட் அவரேஜ்’ அதே நோக்கத்துக்கான தனிச் சூத்திரம். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஏன் பொருந்தவில்லை என்று கேட்பதில் பயனில்லை.

மீற்றர் இல்லாமல் ஓடும் தம்பி ஒருவன் கேட்டான், “அண்ணா, கன்னியாவில இருந்து வரேக்க எனக்கு உங்களவிடக் கூடக் காட்டுதே?” அது வேகம், எடை, ஏற்றம் ஆகியவற்றை வைத்துச் செயலி போட்ட மதிப்பீடு. முதுகில் தள்ளும் கச்சான் காற்று அதற்குத் தெரியாது. போகும்போது அதே காற்றை எதிர்த்து அவன் பட்ட பாட்டை அது குறைத்துத்தான் காட்டியிருக்கும்.

இரண்டு கருவிகளை ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே நேரத்தில், ஒரே ஓட்டத்தில் ஒப்பிடுங்கள். பெடலை மணிக்கூட்டில் பதிந்து, ட்ரெயினரை அதன் செயலியில் பதியலாம். எந்தச் செயலி எதிலிருந்து வாட்ஸ் எடுக்கிறது என்று முதலே பாருங்கள். பதிவை ஒவ்வொரு செக்கனுக்கும் என்று மாற்றிவிடுங்கள். திரைகளில் ஒன்று உடனடி எண்ணையும் மற்றது 3 செக்கன் சராசரியையும் காட்டினால் பார்த்துக்கொண்டிருப்பதே வீண்.

ட்ரெயினருக்கு ஒரு எஃப்டிபி (ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வாட்ஸ்), வீதிக்கு ஒரு எஃப்டிபி என்று தனித்தனியாக வைத்திருக்கிறேன். பெடலை வைத்து ட்ரெயினரை நடத்தும் வசதி உங்கள் செயலியில் இருந்தால் ஒன்றே போதும். வித்தியாசம் எப்போதும் ஏறத்தாழ 5 வீதத்துக்குள் ஒரே பக்கம் நின்றால் விட்டுவிடுங்கள். இன்று கூட, நாளை குறைய என்று தாவினாலோ, சீரோ செய்யும்போது வரும் எண் காரணமில்லாமல் குதித்தாலோ, முதலில் பற்றரியை மாற்றுங்கள், பிறகு பெடலைச் சரியான இறுக்கத்துக்கு முறுக்குங்கள். அதற்கும் அடங்காவிட்டால் உத்தரவாதம் முடியுமுன் திருப்பி அனுப்புங்கள்.