ஈஸ்ட்ரோஜன்: மாத்திரையா, பேட்ச்சா?

மாதவிடாய் நின்றபின், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாக விழுங்கினால், அது குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. கொலஸ்ட்ரால் கணக்கு மாறுவது அங்கேதான்: எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும், எச்டிஎல் என்ற நல்லது ஏறும், கூடவே ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு ரத்தக் கொழுப்பும் ஏறிவிடும். அடிவயிற்றில் ஒட்டும் பேட்ச் தோல் வழியே ரத்தத்தில் கலப்பதால் கல்லீரலை அவ்வளவாகச் சீண்டாது. எல்டிஎல் கொஞ்சம்தான் குறையும், ட்ரைகிளிசரைடு பொதுவாக ஏறாது.

சரி, அப்போது மாத்திரைதான் மேலா? ரிப்போர்ட்டில் அழகாகத் தெரியும், அவ்வளவே. 1998-இல் வெளியான ஹெர்ஸ் ஆய்வில், இதயநோய் உள்ள 2,763 பெண்களில் ஹார்மோன் மாத்திரை எடுத்தவர்களுக்கு, எடுக்காதவர்களைவிட எல்டிஎல் 11% குறைந்திருந்தது. மாரடைப்பு மட்டும் குறையவில்லை! ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து அடைப்பதோ கூடியது.

ட்ரைகிளிசரைடு ஏற்கெனவே எகிறியிருப்பவர்களுக்கு என் ஓட்டு பேட்ச்சுக்கே. கொலஸ்ட்ராலைக் குறைக்க ஸ்டேட்டின் என்ற மருந்து வகை இருக்கிறது. ஹார்மோன், நடுராத்திரியில் நைட்டி நனையும் வியர்வைக்கு.