"எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடு தம்பி"

2022 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. வில்லிவாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அப்பாவின் பழைய ஆபீஸ் நண்பர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். ரிட்டயர் ஆனபின் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆனவர். வருஷத்துக்கு 60,000, ஐந்து வருஷம் கட்டினால் போதும், பத்தாவது வருஷம் இரட்டிப்பு என்றார். நான் இழுத்தேன். "முதல் பிரீமியத்துல 5,000 நான் போடுறேன் தம்பி" என்றார். "மாமாவே சொல்றார்ல" என்று அப்பா முடித்துவிட்டார்.

படிவத்தை நிரப்பியதும் அவர்தான். பென்சிலால் குறித்த இடங்களில் கையெழுத்துப் போட்டது மட்டுமே என் வேலை. பிபி மாத்திரை சாப்பிடுகிறேன் என்றேன். "அதெல்லாம் ஒரு விஷயமா?" என்றார். கம்பெனியிலிருந்து சரிபார்க்க போன் வரும், எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடு என்றார். சொன்னேன். பாலிசி பத்திரம் (பாண்ட்) வந்ததும் அம்மா மூலையில் மஞ்சள் தடவி பீரோவில் வைத்தார். யாரும் பிரிக்கவில்லை.

2024இல் மூன்றாவது பிரீமியமும் கட்டியாயிற்று. அப்புறம் ஒருநாள் என் ஆபீஸ் நண்பர் ஒருவர் டேர்ம் பாலிசி (இறந்தால் மட்டும் பணம் தருவது, முதிர்வுத் தொகை கிடையாது) எடுக்கப் போவதாகச் சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று பாண்டை எடுத்தேன். பிரீமியம் கட்ட வேண்டிய காலம் 15 வருஷம். காப்பீட்டுத் தொகை 8 லட்சம். நண்பருக்கோ ஒரு கோடி, பிரீமியம் என்னுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முதிர்வுத் தொகையை 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு விதமாகக் கணக்கிட்டு ஒரு தாள் இருக்கும். இரண்டுமே உத்தரவாதம் இல்லை. மாமா போனில் காட்டியது 8 சதவீதப் பக்கத்தை மட்டும்.

பணத்தை விட என்னை உலுக்கியது பின்னால் இணைத்திருந்த படிவ நகல். ரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறீர்களா? 'இல்லை'. கீழே என் கையெழுத்து. 1938ஆம் வருஷத்துக் காப்பீட்டுச் சட்டத்தின் 45ஆவது பிரிவுப்படி, மூன்று வருஷம் தாண்டினால்தான் கம்பெனி பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. அதற்குள் எனக்கு ஏதாவது ஆகியிருந்தால், அந்த 8 லட்சத்துக்கும் என் மனைவி அலைந்திருப்பாள்.

கம்பெனியிடம் புகார் கொடுத்தேன். கையெழுத்தும் உங்களுடையது, போனில் எஸ் சொன்னதும் நீங்கள் என்று பதில் வந்தது. பாண்ட் கைக்கு வந்து 15 நாளுக்குள் திருப்பிக் கொடுத்திருக்கலாம் (இப்போது அது 30 நாள்). சரண்டர் செய்தால், அதாவது பாலிசியைப் பாதியில் முடித்துக்கொண்டால்? கட்டிய 1,80,000-க்கு 63,000 சொச்சம்.

அந்த 5,000 வேறு. அதே சட்டத்தின் 41ஆவது பிரிவுப்படி ஏஜென்ட் கமிஷனிலிருந்து தள்ளிக் கொடுப்பது தப்பு, வாங்குவதும் தப்பு. ஆக, புகாரில் அதைப் பற்றி வாயே திறக்க முடியவில்லை.

ஏஜென்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்பத்தூரில் கூட வேலை பார்த்தவர் இறந்தபோது, அவருடைய ஏஜென்ட்தான் இறப்புச் சான்றிதழிலிருந்து கிளெய்ம் படிவம் வரை கூடவே நின்று முடித்துக் கொடுத்தார். ஆனால் நான் இப்போது டேர்ம் பாலிசியை நேரடியாக ஆன்லைனில் எடுத்தேன். பிபி என்று நானே டைப் செய்தேன். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார்கள், பிரீமியத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். சரி, பரவாயில்லை. உங்கள் படிவத்தை யார் நிரப்பினாலும், உடல்நலக் கேள்விகள் இருக்கும் பக்கத்தை மட்டுமாவது நீங்களே எழுதுங்கள்.

கம்பெனி மறுத்தாலோ, 30 நாள் பதிலே சொல்லாவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மனிடம் (காப்பீட்டுப் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி) போகலாம். தேனாம்பேட்டையில், அண்ணா சாலையிலேயே அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.

மனு கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. "மாமாவைப் போய் இப்படி இழுக்கிறியே" என்று அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்தத் தீபாவளிக்கும் ஸ்வீட் பாக்ஸ் வந்தது.