பினியன் பல் வேரில் முறிகிறதா? 25°, 35/20, 20/35: எதைப் பிடிப்பது

கியர்பாக்ஸில் இடம் இல்லை, பல் எண்ணிக்கையையும் மாற்ற முடியாது. ஆனால் பினியன், அதாவது ஜோடியில் சிறிய கியர், பல் வேரில் முறிகிறது. அப்போது கைவைக்க மிச்சமிருப்பது பல்லின் வடிவம்தான்.

கணக்குக்கு ஒரு ஜோடி: மாட்யூல் (பல்லின் அளவு) 3, பினியனில் 20 பல், வீலில் (பெரிய கியர்) 40, வழக்கமான 20° பிரஷர் ஆங்கிள் (பல் பக்கத்தின் சாய்வு). காண்டாக்ட் ரேஷியோ (ஒரே நேரத்தில் தொட்டிருக்கும் பல் ஜோடிகளின் சராசரி) 1.64, பினியன் பல்லின் நுனித் தடிமன் 2.1 மி.மீ.

எளிய வழி, இரு பக்கமும் 25°. வேர் அகலமாகும், ஹாப் (பல் வெட்டும் கருவி) கடையிலேயே கிடைக்கும், சுழற்சி எந்தத் திசையானாலும் கவலையில்லை. காண்டாக்ட் ரேஷியோ 1.46-க்கு இறங்கும். பேரிங்கைத் தள்ளும் ஆர விசை 28% ஏறும்.

சரி, இரு பக்கமும் 35° வைத்தால்? நுனித் தடிமன் 0.15 மி.மீ.! கார்பரைசிங் (மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்குவது) செய்தால் அந்த நுனி உள்வரை கடினமாகிப் பொரிந்து உதிரும். இந்த முட்டுச்சந்தில்தான் சமச்சீரற்ற பல்லுக்கு வேலை வருகிறது: ஒரு பக்கம் 35°, மறுபக்கம் 20°. நுனியில் 1.1 மி.மீ. மிஞ்சும்.

எந்தப் பக்கத்துக்கு 35° என்பதில்தான் வழக்கே. சுமை ஏறும் பக்கத்துக்குக் கொடுத்தால் தொடுமிடத்தின் வளைவு ஆரம் பெரிதாகும். பிட்ச் புள்ளியில் (பற்கள் வழுக்காமல் உருளும் இடம்) தொடு அழுத்தம் ஏறக்குறைய 17% குறையும். இல்யூஷின் இல்-114 விமானத்தின் டிவி7-117எஸ் எஞ்சின் கியர்பாக்ஸில் சுமைப் பக்கம் 33°, மறுபக்கம் 25°. புரொப்பெல்லர் ஒரே திசையில் சுற்றுவதால் அங்கே அது பொருந்துகிறது. ஆனால் நம் ஜோடியில் காண்டாக்ட் ரேஷியோ 1.27-க்கு விழும், ஆர விசை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பழைய பேரிங்கையே வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள்.

திருப்பி வைத்தால், அதாவது சுமைப் பக்கம் 20°, முதுகுப் பக்கம் 35° என்றால், காண்டாக்ட் ரேஷியோ பழையபடி 1.64. பேரிங் சுமையும் மாறாது. பல்லின் முதுகு சாய்ந்து வேர் மட்டும் தடிக்கும், முட்டுக் கொடுத்த சுவர் மாதிரி. தொடு அழுத்தத்தில் லாபம் கிடையாது. பிட்டிங்தான் (பல் பரப்பில் குழி விழுவது) தொல்லை என்றால் முந்தைய வழியே சரி. முறிவு மட்டும்தான் தொல்லை என்றால் என் ஓட்டு இதற்கே. எஞ்சின் பிரேக்கிங் போல எதிர்ப்பக்கமும் கனமான சுமை வரும் இடத்தில் இரண்டையும் விட்டுவிட்டு 25°-க்கே போய்விடலாம்.

அதற்கும் முன்னால் புரொஃபைல் ஷிஃப்ட் (பல் வெட்டும்போது ஹாப்பைச் சற்றுத் தள்ளி வைப்பது) பார்த்தாயிற்றா? பழைய ஹாப்பே போதும், பினியன் வேர் தடிக்கும். சென்டர் தூரம் மாறாவிட்டால் வீலின் பல் அந்த அளவுக்கு மெலியும். ஷாட் பீனிங்கும் (சிறு குண்டுகளை வீசிப் பரப்பை இறுக்குவது) கைவசம் இருக்கிறது.

சமச்சீரற்ற பல்லுக்குத் தனி ஹாப் செய்ய வேண்டும். கியர் வலிமைக் கணக்குக்கான ஐஎஸ்ஓ 6336 தரநிலையின் வளைவுச் சூத்திரங்களை அப்படியே போட முடியாது, எஃப்இஏ (கணினியில் சிறு துண்டுகளாகப் பிரித்து அழுத்தம் கணக்கிடும் முறை) ஓட்டித்தான் வேர் அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கியருக்கும் பவுடர் மெட்டல் கியருக்கும் இந்த ஹாப் செலவு கிடையாது. அச்சை எப்படியும் புதிதாகத்தான் வெட்டப்போகிறோம், அதில் கோணம் எதுவானால் என்ன? அப்புறம், கியரின் ஒரு முகத்தில் அம்புக்குறி போட்டுவிடுங்கள். அசெம்பிளியில் இரண்டில் ஒன்றைத் திருப்பி மாட்டினால் 35° பக்கமும் 20° பக்கமும் எதிரெதிரே வரும். அடிவட்டப் பிட்ச் (அடிவட்டத்தில் பல்லுக்குப் பல் இடைவெளி) பொருந்தாமல் பற்கள் சேரவே சேராது.