சாங்கி, கட்டுநாயக்கா, பிறகு நெல்லைச் சீமை

சிங்கப்பூரில் ஏறி, கொழும்பில் மாறி ஊருக்கு வருகிறவர்கள் டிக்கெட்டில் போட்டிருக்கும் மணியை அப்படியே கழித்துப் பார்த்து ஏமாறுவது உண்டு. சிங்கப்பூர் விமான நிலையமான சாங்கிக்கும் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவுக்கும் நேர்கோட்டில் 2,700 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பயண நேரம் மூன்றே முக்காலிலிருந்து நான்கு மணி. இலங்கைக் கடிகாரம் சிங்கப்பூருக்கு இரண்டரை மணி பின்னால் ஓடுவதால், காலை 10 மணிக்குக் கிளம்பும் விமானம் 11.15க்கு இறங்குவதாக அச்சாகியிருக்கும். திரும்பும்போது அதே தூரம் ஆறேகால் மணிபோலத் தெரியும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான். அங்கிருந்து கணக்கில் குழப்பமில்லை.

கட்டுநாயக்காவில் மாறுவதற்கு இரண்டரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருப்பது முக்கியம். தனித்தனியாக எடுத்தால் இலங்கைக்குள் நுழைய அனுமதி வாங்கி, பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணமும் போகலாம். சாங்கியில் பெட்டி போடும்போதே ஒட்டுச்சீட்டைப் பாருங்கள்: மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., திருவனந்தபுரத்துக்கு டி.ஆர்.வி. வெறும் சி.எம்.பி. என்றிருந்தால் பெட்டி கொழும்போடு நின்றுவிடும். மாறும் இடத்திலும் கைப்பையைச் சோதிப்பார்கள். ஆகவே கோடாலித் தைலப் புட்டிகளைப் பெரிய பெட்டியில் போடுங்கள். வரியில்லாக் கடையில் வாங்கிய திரவத்தின் சீல் வைத்த பையை ஊர் வரும்வரை பிரிக்க வேண்டாம்.

அடுத்து, எங்கே இறங்குவது? கட்டுநாயக்காவிலிருந்து மதுரையும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம், சுமார் 350 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். இரண்டிலிருந்தும் திருநெல்வேலிக்குச் சாலையும் 150 கிலோமீட்டர் அளவில்தான். ஆனால் சாலை ஒன்றல்ல. மதுரையிலிருந்து திருமங்கலம், விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று நான்குவழிச் சாலை. இரண்டரை மணியில் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை. வழியில் கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் சுங்கச்சாவடிகள் உண்டு. வாடகையில் அந்தக் கட்டணம் சேர்ந்ததா என்று ஏறுமுன் கேளுங்கள். திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று கடைத்தெருக்களுக்குள் புகுந்து வர வேண்டும். ஆரல்வாய்மொழி தாண்டியபின்தான் வண்டி வேகமெடுக்கும். நான்கு மணி வைத்துக்கொள்ளலாம். கேரள டாக்ஸியானால் தமிழ்நாட்டு பெர்மிட் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பாளையங்கோட்டை, சங்கரன்கோவில் பக்கத்தவர்களுக்கு மதுரையே மேல். பணகுடி, ராதாபுரத்துக்குத் திருவனந்தபுரம் கிட்டே. தென்காசி, செங்கோட்டைக்காரர்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி தென்மலை, ஆரியங்காவு வழியாக வந்தால் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். மலைப்பாதை என்பதால் பகலில் வந்து சேரும் விமானமாகப் பார்த்து எடுங்கள்.