தலையில்லாத போல்ட்டில் காடி போட ஆக்சாவா, கட்டிங் வீலா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரிசியும் உளுந்தும் ஊறி ரெடி. கிரைண்டரைப் போட்டால் மோட்டார் ஓடுகிறது, கல் நகரவில்லை. புல்லியை ஷாஃப்டோடு இறுக்கிப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ, அதாவது தலையில்லாத குட்டி ஸ்க்ரூ, எப்போதோ கழன்று விழுந்திருக்கிறது. அங்கே தலை வைத்த போல்ட்டைப் போட்டால் சுற்றும்போது கவரில் அடிக்கும். ஆலன் கீ (ஆறு மூலைச் சாவி) போடுகிற கிரப் ஸ்க்ரூ சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்தான். ஆனால் ஞாயிறன்று சென்னை பிராட்வே பக்கம் ஷட்டர் எல்லாம் இறங்கியிருக்கும். டப்பாவைக் கிளறினேன், நீளம் முழுக்க மரை உள்ள எம்6 (6 மி.மீ. தடிமன்) போல்ட் நாலைந்து இருந்தது. தலையை எடுத்துவிட்டு, முனையில் திருப்புளி உட்கார ஒரு காடி, அதாவது நேர்ப் பள்ளம், போட்டால் ஆயிற்று.

(பழைய கிரைண்டர் என்றால் முதலில் ஓட்டையைப் பாருங்கள். ரெண்டு நூல், அதாவது கால் இஞ்ச் மரையாக இருந்தால் எம்6 அதில் சரியாகப் பொருந்தாது.)

வில்லிவாக்கத்தில் என் பிளாட் பால்கனிதான் பட்டறை. ஒரு சின்ன வைஸ் (பிடிப்புக் கருவி), ஆக்சா (இரும்பு அறுக்கும் ரம்பம்), கையடக்க மினி கிரைண்டர், 4 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர். போல்ட்டும் மிச்சம் இருந்ததால் மூன்றிலும் ஒவ்வொன்று வெட்டிப் பார்த்தேன்.

கடையில் வரும் காடி வைத்த கிரப் ஸ்க்ரூவில் எம்6-க்குக் காடி அகலம் 1 மி.மீ., எம்8-க்கு 1.2, எம்10-க்கு 1.6. ஆக்சா பிளேடின் தடிப்பு 0.65 மி.மீ. போல இருந்தாலும், பல் இரு பக்கமும் வளைந்திருப்பதால் வெட்டு 1 மி.மீ. பக்கம் வந்துவிடும். எம்6-க்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. எம்10-க்கு இரண்டு பிளேடை ஒன்றாகச் சேர்த்து ஃப்ரேமில் மாட்டினால் போதும், பல் இரண்டும் முன்பக்கம் பார்க்க வேண்டும். இஞ்சுக்கு 24 பல் அல்லது 32 பல் பிளேடுதான் இதற்குச் சரி. 18 பல் 6 மி.மீ. அகலத்தில் துள்ளும்.

ஆக்சாவில் தொல்லை இரண்டு. ஒன்று, தொடக்கத்தில் பிளேடு வழுக்கி மரையைக் கீறும். முக்கோண அரத்தால் நடுவில் நாலு இழுப்பு இழுத்துப் பள்ளம் எடுத்துவிட்டால் வழுக்காது. நடு எது என்று தெரிய, ஒரு நட்டை முனையோடு சமமாகத் திருகி வையுங்கள். எதிரெதிர் மூலை இரண்டையும் இணைக்கும் கோடு நடுவில்தான் போகும். இன்னொன்று, கை மேலும் கீழும் ஆடினால் காடியின் அடி ஒட்டகத் திமில் மாதிரி நடுவில் மேடாகிவிடும். திருப்புளி அந்த மேட்டில் உட்கார்ந்து, இறுக்கும்போது நழுவும். என் முதல் காடி அப்படித்தான் ஆனது. பல் தேய்ந்த பழைய பிளேடால் மெதுவாக இழுத்துச் சமப்படுத்தினேன்.

மினி கிரைண்டரில் நேர்மாறு. 24 மி.மீ. கட்டிங் வீலை நேரே கீழே இறக்கினால் காடியின் அடி குழிகிறது. எம்6-இல் நடுவுக்கும் ஓரத்துக்கும் கிட்டத்தட்ட 0.4 மி.மீ. வித்தியாசம். வீல் தேய்ந்து 16 மி.மீ. ஆகிவிட்டால் 0.5-ஐத் தாண்டும். ஓரத்தில் பிடி குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் ஆழம் போக வேண்டும். பக்கவாட்டில் லேசாகச் சாய்ந்தாலே அந்த மெல்லிய வீல் படக்கென்று உடைந்து தெறிக்கும், எனக்கு இரண்டு போயின. கண்ணாடி போடாமல் தொடவே கூடாது. ஆனால் ஏற்கெனவே கடினப்படுத்திய ஆலன் கிரப் ஸ்க்ரூவில் ஆறு மூலையும் மழுங்கிப்போனால் இதுதான் வழி. ஆக்சா அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும், கெடுவது பிளேடுதான். வீலை விட்டு விட்டு வையுங்கள். இரும்பு நீலம் பூத்தால் கடினம் போயிற்று என்று அர்த்தம்.

ஆங்கிள் கிரைண்டர்? வேண்டாம். 1 மி.மீ. வீல் கிடைக்கிறது, வீல் பெரிது என்பதால் குழிவும் இல்லை, மூன்று வினாடியில் காடி. அந்த மூன்று வினாடியில் அது எங்கே போகிறது என்பது நம் கையில் இல்லை. என் காடி ஒரு ஓரமாக இறங்கிவிட்டது. பொறி பறந்து கீழ் வீட்டுக் கொடியில் காயும் துணியில் விழுமோ என்ற பயம் வேறு.

உண்மையில் எந்தக் கருவி என்பதைவிட எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை. மரையை நேராக வைஸில் கடித்தால் நசுங்கிவிடும், அப்புறம் ஓட்டைக்குள் ஏறாது. நட்டின் ஒரு பக்கத்தை ஆக்சாவால் பிளந்து, அதற்குள் போல்ட்டைத் திருகி, நட்டோடு வைஸில் இறுக்கினால் கிளிப் மாதிரி கவ்விக்கொள்ளும். ஸ்டட் துண்டுக்கு, அதாவது தலையே இல்லாத மரைக் கம்பிக்கு, இதுதான் வழி. முழு போல்ட் கையில் இருந்தால் இதுகூட வேண்டாம். தலையை முதலில் வெட்டாதீர்கள். தலையை வைஸில் பிடித்து வால் முனையில் காடி போடுங்கள், தேவையான நீளத்தில் அறுப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மரையில் வைஸ் படவே படாது. அறுக்கும் முன் ஒரு நட்டை ஏற்றிவைத்து, பிறகு கழற்றினால் மரையில் நிற்கும் பிசிறையும் அது வழித்துக்கொண்டு வரும். இது எனக்கு மூன்றாவது போல்ட்டில்தான் உறைத்தது, முதல் இரண்டின் தலையை அதற்குள் வீசியாயிற்று.

அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறையில் கொடுத்தால் ஸ்லிட்டிங் கட்டரில் அச்சடித்த மாதிரி போட்டுத் தருவார்கள். ஐம்பது, நூறு வேண்டும் என்றால் போகலாம், ஒரு ஸ்க்ரூவுக்காக அங்கே போய் நிற்க எனக்கே கூச்சம்.

மாவு கிரைண்டரில் இப்போது இருப்பது ஆக்சாவில் வெட்டியதுதான். வெட்டின இடத்தில் முலாம் போய்விடுவதால் நம் ஊர்க் காற்றுக்கு ஒரே வாரத்தில் துரு எட்டிப் பார்க்கும், ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டு வைத்திருக்கிறேன். அன்று மாவு ஆட்டி முடிக்க ராத்திரி எட்டு மணி.