கயிறு ஹால்டரும் 12 அடி லீட் ரோப்பும்: வீட்டில் குதிரை வளர்ப்போருக்கான மதிப்புரை

சொந்தமாகக் குதிரை வாங்குகிறவர்கள் சேணத்துக்கும் கடிவாளத்துக்கும்தான் முதலில் அலைகிறார்கள். ஆனால் தினமும் கையில் இருக்கப்போவது ஹால்டர், அதாவது வாயில் இரும்பு இல்லாமல் குதிரையின் தலையில் மாட்டும் தலைக்கயிறு. தண்ணீர் காட்ட, குளிப்பாட்ட, லாடம் கட்டுபவர் வரும்போது பிடித்து நிற்க, மருத்துவர் ஊசி போட, மாலையில் மேய்ச்சலுக்கு நடத்திப் போக என்று எல்லாவற்றுக்கும் அதுதான் வேண்டும். சவாரி ஒரு மணி நேரம் என்றால், மீதிப் பொழுதெல்லாம் குதிரை நம்மோடு பேசுவது இந்தக் கயிற்றின் வழியாகத்தான். அதனால் இப்போது இணையக் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் முடிச்சுக் கயிறு ஹால்டர், அதோடு சேர்ந்து வரும் 12 அடி லீட் ரோப் (ஹால்டரில் மாட்டிக் குதிரையை நடத்தும் கயிறு) இரண்டையும் விரிவாகப் பார்த்துவிடலாம். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பழக்குவதற்கு இதைவிட நல்ல சாமான் இந்த விலையில் இல்லை. கட்டிப்போடுவதற்கு மட்டும் இதை வாங்காதீர்கள்.

வழக்கமான நைலான் பட்டை ஹால்டர் ஒரு அங்குல அகலம் இருக்கும். இழுத்தால் அழுத்தம் முகம் முழுக்கப் பரவும். குதிரை அதில் சாய்ந்துகொண்டே நம்மை இழுத்துப் போகக் கற்றுக்கொள்ளும். கயிறு ஹால்டர் 6 மில்லிமீட்டர் கயிற்றில் முடிச்சுப் போட்டுச் செய்தது. வளையம், பக்கிள் என்று உலோகம் எதுவும் கிடையாது. மெல்லிய கயிறு என்பதால் சிறிய அசைவுகூட மூக்கிலும் காதுக்குப் பின்னாலும் குதிரைக்குத் தெளிவாகத் தெரியும். கயிறு தளர்ந்ததும் அதே தெளிவோடு தெரியும். குதிரை கற்றுக்கொள்வது இழுப்பிலிருந்து அல்ல, தளர்விலிருந்து. இந்த ஹால்டரின் மொத்தப் பயனும் அதில்தான் இருக்கிறது.

வாங்கும்போது பார்க்கவேண்டியது கயிறு எதனால் ஆனது என்பது. பாலியஸ்டர், உள்ளே ஒரு பின்னலும் வெளியே ஒரு பின்னலுமாக இரட்டைப் பின்னல் போட்டதுதான் சரியான தேர்வு. நம் வெயிலுக்கு அது தாங்கும், நனைந்தால் நீளாது. நைலான் வலுவானதுதான், ஆனால் ரப்பர் போல நீளும். இழுவிசையில் லீட் ரோப்பை ஹால்டரோடு மாட்டும் கொக்கி உடைந்தால் சுண்டிவந்து முகத்தில் அடிக்கும். பாலிப்ரொப்பிலீன் கயிறு மலிவு, எடை இல்லாதது, கையை அறுக்கும், வெயிலில் சீக்கிரம் நைந்து தும்பு தும்பாகப் பிரியும். பல மலிவு செட்டுகள் இதில்தான் வருகின்றன. சந்தேகம் இருந்தால் நுனியில் ஒரு சிறு துண்டை வெட்டித் தண்ணீரில் போடுங்கள். பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், பாலியஸ்டரும் நைலானும் மூழ்கும். பருத்திக் கயிறு கைக்கு மிருதுவானது, அந்தியூர்ச் சந்தையிலேயே வாங்கிவிடலாம். ஆனால் ஹால்டர் முடிச்சுகள் அதில் தொளதொளத்துப் போகும், மழைக்காலத்தில் இற்றும் போகும்.

விறைப்பும் முக்கியம். கையில் தூக்கிப் பிடித்தால் ஹால்டர் ஓரளவு வடிவத்தோடு நிற்கவேண்டும். துவண்டு விழுகிற ஹால்டரில் நாம் லீட் ரோப்பைத் தளர்த்தினாலும் மூக்கின் மேல் சுற்றிவரும் மூக்குக் கயிறு தளராமல் ஒட்டியே கிடக்கும். அப்புறம் குதிரைக்கு எப்படிப் புரியும்? விறைப்பான கயிறு நாம் விட்ட நொடியே விலகிக்கொள்ளும். கயிற்றின் தடிமன் 8 மில்லிமீட்டர் என்றால் மென்மை, 5 என்றால் கூர்மை. மூக்குக் கயிற்றில் இரண்டு முடிச்சு இருப்பது சாதாரண வகை, நான்கு முடிச்சு இருப்பது கடுமையானது. புதிதாகக் குதிரை வளர்க்கிறவர் நான்கு முடிச்சை வாங்கவே வேண்டாம். கை பழகாதவரிடம் அது தண்டனைக் கருவி ஆகிவிடும்.

லீட் ரோப் 12 அடி, 14 மில்லிமீட்டர் தடிமன். நல்ல பாலியஸ்டர் என்றால் எடை அரை கிலோவை ஒட்டி வரும். அந்த எடை வீண் அல்ல. கயிற்றை லேசாக அசைத்தால் அலை குதிரையின் தாடை வரை போய்ச் சேருவது அந்த எடையால்தான். லேசான கயிற்றில் அசைவு நடுவழியிலேயே செத்துவிடும். சந்தைகளில் கிடைக்கும் ஆறடிக் கயிறு நடத்திப் போக மட்டும் போதும். திருப்பிப் பழக்கும்போது பின்னங்கால் உதைக்கு எட்டாத தூரத்தில் நாம் நிற்கவேண்டும், அதற்கு 12 அடி வேண்டும். மிச்சக் கயிற்றைக் கையைச் சுற்றி வளையமாகப் பிடிக்கக் கூடாது. குதிரை மிரண்டு பாய்ந்தால் வளையம் சுருங்கி விரல் போய்விடும். முன்னும் பின்னுமாக மடித்து, மடிப்பின் நடுவில் பிடிக்கவேண்டும்.

கொக்கியில்தான் பெரும்பாலான செட்டுகள் கோட்டை விடுகின்றன. துத்தநாகக் கலவையில் வார்த்து, மேலே பித்தளை நிறம் பூசிய கொக்கிகள் நிறைய வருகின்றன. காந்தம் வைத்துப் பார்த்தால் இரும்பு மட்டும்தான் தெரியும், இந்தக் கலவையைக் காட்டிக்கொடுக்காது. அடிப்பக்கம் கீறிப் பாருங்கள்: உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தால் வேண்டாம். கனமான கொக்கிக்கு இன்னொரு குறையும் உண்டு. கயிற்றை அசைக்கும்போது அது குதிரையின் தாடை எலும்பில் இடிக்கும். பழக்கம் இல்லாத குதிரை அந்த இடியைத்தான் கவனிக்குமே தவிர நாம் சொல்வதைக் கவனிக்காது. கொக்கியே இல்லாமல், லீட் ரோப்பின் நுனியில் பின்னிய வளையத்தை ஹால்டரின் வளையத்தோடு கோத்துக்கொள்ளும் வகை பழக்குவதற்கு மேலானது. கழற்றி மாட்டக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான்.

அளவு பற்றி. போனி (சிறியது), காப் (நடுத்தரம்), ஃபுல் (பெரியது) என்று மூன்று அளவில் வருகிறது. மட்டக் குதிரைக்குப் போனி. கத்தியவாரி இனக் குதிரைக்குக் காப் பெரும்பாலும் பொருந்தும். மார்வாரி இனத்துக்குத் தலை நீளம், உயரமான குதிரை என்றால் ஃபுல் தேவைப்படலாம். வயதையோ உயரத்தையோ மட்டும் சொல்லி வாங்காமல் மூக்கின் சுற்றளவையும், காதுக்குப் பின்னாலிருந்து மூக்குக் கயிறு வரவேண்டிய இடம் வரைக்குமான நீளத்தையும் டேப்பால் அளந்துவிடுங்கள்.

மூக்குக் கயிறு கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் நடுப்பகுதியில், கன்ன எலும்பு மேடு முடியும் இடத்துக்கு ஒன்றிரண்டு விரல் கீழே நிற்கவேண்டும். அதற்கும் கீழே இறங்கினால் மூக்கெலும்பின் மெல்லிய முனையிலும் குருத்தெலும்பிலும் அழுத்தம் விழும். மூச்சுக்கும் இடைஞ்சல். மேலே ஏறினால் எலும்பு மேட்டில் உராய்ந்து புண் வரும். தாடைக்கடியில் இருக்கும் பெரிய முடிச்சு தொண்டைப் பக்கம் வரவேண்டும், முகவாயில் தொங்கக் கூடாது.

கட்டும் முறை தெரியாமல்தான் பாதிப் பேர் இந்தச் சாமானைக் குறை சொல்கிறார்கள். காதுக்குப் பின்னால் போட்ட நுனியை இடது கன்னத்தில் இருக்கும் வளையத்துக்குள் விட்டு, ஹால்டர் சரியான உயரத்துக்கு ஏறும்வரை இழுக்கவேண்டும். பிறகு அதே நுனியை வளையத்தின் இரண்டு இழைகளுக்கும் பின்புறமாகச் சுற்றிக் கொண்டுவந்து, அதன் சொந்த இழைக்கும் வளையத்துக்கும் இடையில் நுழைத்து இறுக்கவேண்டும். முடிச்சு வளையத்தின் மேலேயே உட்காரும். அப்படி உட்கார்ந்தால் எவ்வளவு இழுத்தாலும் அவிழ்க்க வரும். வளையத்துக்கு மேலே தனி முடிச்சாகப் போட்டால் குதிரை ஒரு தடவை சாய்ந்ததும் கல்லாக இறுகிவிடும், கத்திதான் எடுக்கவேண்டும். மிச்ச நுனி கண்ணுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, வாலைப் பார்த்துப் போகவேண்டும்.

மார்வாரி, கத்தியவாரி இரண்டுக்கும் காது நுனி உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று நோக்கி நிற்கும். காதை முறுக்கிப் பிடித்து அடக்கியிருந்தால் அந்தக் குதிரை தலையில் கை வைக்கவே விடாது. கயிறு ஹால்டரில் இதற்கு ஒரு வசதி: காது வழியாக நுழைக்கவேண்டியதில்லை. நுனியைக் கழுத்தின் மேல் போட்டு, மூக்கை உள்ளே விட்டு, கன்னத்தில் கட்டிவிடலாம். காதைத் தொடவே தேவையில்லை.

பழக்குவதற்கு வருவோம். முதலில் தலை தாழ்த்தல். தாடைக்கடியில் கயிற்றைப் பிடித்து, கையின் எடை மட்டும் விழுகிற அளவுக்குக் கீழ்நோக்கி வைத்திருங்கள். குதிரை முதலில் தலையைத் தூக்கும். கை அதோடு போகட்டும், ஆனால் அழுத்தம் கூடவோ குறையவோ வேண்டாம். அரை அங்குலம் தலை இறங்கிய நொடியில் கையைத் திறந்துவிடுங்கள். அரை நொடி தாமதித்தால்கூட, தலையைத் திரும்பத் தூக்கியதற்குத்தான் தளர்வு கிடைத்தது என்று குதிரை எடுத்துக்கொள்ளும். சில தடவைகளில் மூக்கு முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும். அடுத்து பின்னால் நகர்தல்: எதிரே நின்று கயிற்றை விரலால் அசைக்கவும். நகரவில்லை என்றால் மணிக்கட்டு, அப்புறம் முழங்கை. ஒரு காலடி பின்னால் வைத்ததும் எல்லாவற்றையும் நிறுத்தவும். ஒவ்வொரு தடவையும் விரலிலிருந்தே தொடங்கவேண்டும். நேராக முழங்கை அசைவில் தொடங்குகிறவர்களின் குதிரைக்கு விரல் என்ன சொல்கிறது என்று கடைசிவரை தெரியாது.

மூன்றாவது, பின்பக்கத்தை விலக்குவது. தோளருகே நின்று மூக்கை நம் பக்கம் லேசாகத் திருப்பி, இடுப்பைப் பார்த்துக் கயிற்றின் நுனியைச் சீராகச் சுழற்றவேண்டும். நம் பக்கத்துப் பின்னங்கால் மறு காலுக்கு முன்னால் குறுக்காக வந்தால் சரி. பின்னால் வைத்தாலோ இரண்டு காலும் சேர்ந்து குதித்தாலோ மூக்கை அதிகம் இழுத்துவிட்டோம் என்று பொருள். ஒரு அடி போதும், விட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் செய்யவேண்டும். இந்த ஒன்று கைவந்தால் பிற்பாடு முதுகில் இருக்கும்போது ஓடும் குதிரையை ஒற்றை லகானில் நிறுத்துவது எளிது. நாளுக்குப் பதினைந்து நிமிடம், அதுவும் கோடையில் வெயில் ஏறுமுன். அதற்கு மேல் இளங்குதிரைக்குக் கவனம் நிற்காது.

இரண்டரை வயதிலிருந்து நாலரை வயது வரை குதிரைக்கு முன்பற்கள் விழுந்து முளைக்கின்றன. அந்தக் காலத்தில் வாயில் இரும்பு வைக்காமல் அடிப்படைப் பாடம் எல்லாவற்றையும் சொல்லித்தர முடிவது இந்த ஹால்டரின் பெரிய வரம். முள் கடிவாளம் போட்டு அடக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகளிலேயே முள் வைத்த கடிவாளத்துக்குத் தடை இருக்கிறது. தரையில் நின்று பழக்கிய குதிரைக்கு அப்படி ஒன்று தேவையே வராது.

இப்போது குறைகள். இதில் குதிரையைக் கட்டிப்போடவே கூடாது. பட்டை ஹால்டரில் பக்கிளாவது உடையும். இதில் உடைய எதுவுமில்லை. மிரண்டு பின்னால் இழுத்தால் முழு எடையும் 6 மில்லிமீட்டர் கயிறு வழியாகக் காதுக்குப் பின்னால் இறங்கும். கழுத்தெலும்பு பிசகும், உச்சியில் நிரந்தரக் காயம் வரும். சற்று நேரம் கட்டியே ஆகவேண்டும் என்றால், சுவரிலோ தூணிலோ கட்டும் வளையத்தில் மெல்லிய சணல் நூலைச் சுற்றி, அந்த நூலில் கட்டுங்கள். இழுத்தால் நூல் அறும். கட்டும் இடம் குதிரையின் தோள் உயரத்துக்குக் குறையக் கூடாது, கயிறு ஒரு கை நீளத்துக்கு மேல் வேண்டாம், முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ்வதாக இருக்கட்டும். மேய விடும்போது ஹால்டரைக் கழற்றிவிடுங்கள். காதைச் சொறியப் பின்னங்காலைத் தூக்கும் குதிரையின் குளம்பு அதில் மாட்டும், வேலிக் கம்பியும் மாட்டும். வண்டியில் ஏற்றிப் பயணம் போக, பழைய தோல் ஹால்டரே நல்லது. அவசரத்தில் தோல் அறும். பால் குடிக்கும் குட்டிக்கும் கயிறு ஹால்டர் ஆகாது, கழுத்து இளசு.

பராமரிப்பு அதிகமில்லை. வியர்வை உப்பு ஏறினால் கயிறு சொரசொரப்பாகி மூக்கு முடியைத் தேய்க்கும். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயவைத்தால் போதும், சோடா சோப்பு தேவையில்லை. ஒரு குதிரையின் ஹால்டரை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். படர்தாமரை பரவுவது பெரும்பாலும் இப்படித்தான். ஆளுக்கொரு நிறம் வாங்கினால் குழப்பம் வராது. முடிச்சுகளின் அடிப்பக்கத்தில் தும்பு கிளம்பியிருக்கிறதா என்று மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

கைவேலை வருகிறவர்கள் சுமார் 22 அடிக் கயிற்றில் தாங்களே முடைந்துகொள்ளலாம். தாடைக்கடி முடிச்சு மட்டும்தான் மண்டையைக் குழப்பும். கடையில் வாங்குவதானால் தோல்சாமானுக்குப் பேர்போன கான்பூரிலிருந்து வருபவை நிறைய, தரம் கடைக்குக் கடை மாறுகிறது. ஹால்டரையும் லீட் ரோப்பையும் தனித்தனியாக விற்கும் கடை கிடைத்தால் அங்கே வாங்குங்கள். காசு குறைவு என்றால் ஹால்டரில் சுமாரானதை எடுத்துக்கொண்டு, கனமான பாலியஸ்டர் லீட் ரோப்பில் செலவழியுங்கள். கட்டிப்போட ஒரு தோல் ஹால்டரையும் அதே ஆர்டரில் சேர்த்துக்கொள்ளுங்கள்.