அன்சிபிளில் போஸ்ட்கிரெஸ் மைனர் அப்கிரேடு: பச்சை வரியை நம்பலாமா?

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்களின் மைனர் வெர்ஷன் அப்கிரேடுகளை (பிழைத்திருத்தங்களுக்கான சிறு மேம்படுத்தல்களை), பல சர்வர்களில் ஒரே வேலையைத் தானாகச் செய்துமுடிக்கும் அன்சிபிள் என்ற கருவியைக் கொண்டு செய்யத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் இரண்டாம் வியாழக்கிழமை புதிய வெளியீடு வரும். அதன் பின்னர் வாரக்கணக்கில் யாராவது ஒருவர் கண்விழித்து ஒவ்வொரு சர்வராக நுழைந்து அதே கட்டளைகளைத் தட்டிக்கொண்டிருப்பார். அந்த வழக்கத்தை ஒழித்தது இந்தக் கருவிதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனெனில் கீழே எழுதப்போவதில் பெரும்பகுதி ஒரே ஒரு குறையைப் பற்றியது.

மைனர் அப்கிரேடில் டேட்டா கோப்புகளின் உள்ளமைப்பு மாறுவதில்லை. டேட்டா முழுவதையும் நகலெடுத்து (டம்ப்) மீண்டும் ஏற்றும் வேலையும் இல்லை. புதிய பேக்கேஜை நிறுவி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. ஆனால் ரெப்ளிகேஷன் இருக்கும் இடத்தில், அதாவது ஒரு சர்வரின் டேட்டாவை மற்றவை தொடர்ந்து நகலெடுக்கும் இடத்தில், வரிசை முக்கியம்: நகலை வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை சர்வர்களை முதலில் மேம்படுத்திவிட்டு, மூலமான பிரைமரியைக் கடைசியில் தொட வேண்டும் என்று போஸ்ட்கிரெஸ் ஆவணம் பரிந்துரைக்கிறது. பழைய வெர்ஷன் எழுதிய டபிள்யூ.ஏ.எல். பதிவுகளை (டேட்டா மாற்றங்களின் குறிப்பேட்டை) புதியது படித்துவிடும், புதியது எழுதியதைப் பழையது படிக்கும் என்று அதே அளவுக்கு நம்ப முடியாது என்பதே காரணம். தூக்கக் கலக்கத்தில் மனிதர் இந்த வரிசையைத் தவறவிடக்கூடும், செய்ய வேண்டியதை வரிசையாக எழுதிவைத்த அன்சிபிள் கோப்பான பிளேபுக் தவறவிடாது. ஒரு நேரத்தில் எத்தனை சர்வர் என்பதைச் சொல்லும் சீரியல் மதிப்பை ஒன்று என்று வைத்துவிட்டால், முதல் ஸ்டாண்ட்பையில் கோளாறு ஏற்பட்டவுடன் ஓட்டம் அங்கேயே நின்றுவிடும், பிரைமரி தப்பிக்கும். இந்த ஒரு வசதிக்காகவே அன்சிபிளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இனி, என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் விஷயம். அன்சிபிளில் ரீஸ்டார்ட் வேலையை ஹேண்ட்லரிடம் ஒப்படைப்பதுதான் பரவலான வழக்கம். ஹேண்ட்லர் என்பது தகவல் வந்தால் மட்டும் ஓடும் வேலை; பிளேபுக்கின் மற்ற ஒவ்வொரு படியும் ஒரு டாஸ்க். பேக்கேஜ் மாறினால் அதை நிறுவிய டாஸ்க் ஹேண்ட்லருக்குத் தகவல் தரும். ஹேண்ட்லரோ மற்ற டாஸ்க்குகள் முடிந்த பிறகே ஓடும். நடுவில் வேறொரு டாஸ்க் தோல்வியடைந்தால் (மானிட்டரிங் ஏஜென்ட் அமைப்பு போன்ற, டேட்டாபேஸுக்குத் தொடர்பே இல்லாத ஒன்றாகக்கூட அது இருக்கலாம்) அந்த சர்வரில் ஹேண்ட்லர் ஓடாது. தோல்வியைச் சரிசெய்து பிளேபுக்கை மீண்டும் ஓட்டினால், பேக்கேஜ் ஏற்கெனவே புதியதாக இருப்பதால் மாற்றம் எதுவும் இல்லை என்று கருவி முடிவு செய்கிறது. மாற்றம் இல்லாததால் ஹேண்ட்லருக்குத் தகவலும் போவதில்லை. திரை முழுவதும் பச்சை, அதாவது எல்லாம் சரி என்கிறது கருவி. வட்டில் புதிய வெர்ஷன், நினைவகத்தில் பழைய வெர்ஷன். பேக்கேஜ் மாறும்போது சர்வர் தானாக ரீஸ்டார்ட் ஆவதை, நேரம் நம் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத் தடுத்துவைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது நேரடி ஆபத்து.

பாதுகாப்புத் திருத்தம் நடைமுறைக்கு வரவில்லை என்பது ஒரு பாதி மட்டுமே. புதிதாகத் தொடங்கும் ஒவ்வோர் இணைப்பும் பழைய போஸ்ட்மாஸ்டரிலிருந்தே (சர்வரின் தாய்ச் செயல்முறையிலிருந்தே) பிறக்கிறது. ஆனால் முன்கூட்டியே ஏற்றப்படாத எக்ஸ்டென்ஷன் (கூடுதல் வசதி) நூலகங்களை அந்த இணைப்பு வட்டிலிருந்து, அதாவது புதிய பேக்கேஜிலிருந்து, எடுத்துக்கொள்ளும். ஒரே செயல்முறைக்குள் இரண்டு வெர்ஷன்களின் துண்டுகள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனால் இந்தக் கலவையை யாரும் சோதித்துப் பார்த்து வெளியிடவில்லை.

நியாயமாகச் சொன்னால், இது மறைக்கப்பட்ட பிழையல்ல. தோல்வி வந்தாலும் ஹேண்ட்லர்களை ஓட்டச் சொல்லும் ஃபோர்ஸ் ஹேண்ட்லர்ஸ் அமைப்பைப் பற்றி அன்சிபிள் ஆவணமே பேசுகிறது. வெப் சர்வருக்கு அது நல்ல தீர்வு. டேட்டாபேஸுக்கு? ஏதோ ஒரு சோதனை தோற்றுப்போன தருணத்தில் பிரைமரியை ரீஸ்டார்ட் செய் என்று சொல்வதற்கு அது சமம். அந்த நேரத்தில் டேட்டாபேஸைப் பராமரிக்கும் எந்த டி.பி.ஏ.வும் செய்ய விரும்பாத காரியம் அது. ஆகவே ஹேண்ட்லரையே கைவிட்டோம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிடம் இணைந்து அதன் வெர்ஷனைக் கேட்பது, வட்டில் உள்ள பேக்கேஜுடன் ஒப்பிடுவது, வேறுபட்டால் மட்டும் செக்பாயின்ட் கொடுத்து (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் எழுதவைத்து) ரீஸ்டார்ட் செய்வது, பிறகு மீண்டும் கேட்பது என்று ஒவ்வொன்றையும் தனி டாஸ்க்காக எழுதினோம். எத்தனை முறை ஓட்டினாலும் இது உண்மையையே சொல்கிறது. ஆனால் இந்த வேலையை ஒவ்வொரு குழுவும் தானே கண்டுபிடித்து எழுத வேண்டியிருப்பதுதான் என் கோபம்.

இன்னொன்றும் உண்டு. கருவியால் வெளியீட்டுக் குறிப்பைப் படிக்க முடியாது. 2022 ஜூனில் வந்த போஸ்ட்கிரெஸ் 14.4, தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ்களைச் சத்தமில்லாமல் சிதைக்கக்கூடிய ஒரு பிழையைத் திருத்தியது. கன்கரன்ட்லி முறையில், அதாவது டேபிளில் எழுதுவதை நிறுத்தாமல், உருவாக்கிய அல்லது ரீஇன்டெக்ஸ் செய்த (மீண்டும் கட்டிய) இன்டெக்ஸ்கள் பற்றியது அது. பேக்கேஜை மாற்றுவது இனிமேல் வரும் சேதத்தைத்தான் தடுக்கும், ஏற்கெனவே சிதைந்தவற்றை நாம்தான் ரீஇன்டெக்ஸ் செய்தாக வேண்டும். 2024 நவம்பர் 14 அன்று வந்த 17.1, சில எக்ஸ்டென்ஷன்களுடன் ஒத்துப்போகாத மாற்றத்தைக் கொண்டிருந்ததால் ஒரே வாரத்தில் 17.2 வெளியிடப்பட்டது. பேக்கேஜ் டாஸ்க்கில் லேட்டஸ்ட் (இருப்பதில் மிகப் புதியது) என்று எழுதிவைத்து உடனே ஓட்டுபவர், அந்தச் சிக்கலை எல்லா சர்வர்களிலும் ஒரே இரவில் சீராகப் பரப்பிவிடுவார். வெர்ஷன் எண்ணை முழுமையாக எழுதுங்கள். உயிர்போகும் பாதுகாப்புத் திருத்தம் இல்லையென்றால் ஒரு வாரம் பொறுத்திருங்கள்.

மூன்று சர்வர்களை மட்டும் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர், அன்சிபிளுக்கு மாறலாமா என்று அண்மையில் கேட்டார். மாற வேண்டாம் என்று சொன்னேன். மேலே இவ்வளவு பாராட்டியதற்குப் பிறகு இது முரணாகத் தோன்றலாம், ஆனால் மூன்று சர்வர்களில் கையால் வேலை செய்பவர், முடிந்ததும் தன் கண்ணாலேயே வெர்ஷனைப் பார்த்துவிடுவார். பச்சை வரியை நம்பும் பழக்கம் அவருக்கு வராமல் இருப்பது நல்லது. எங்கள் சர்வர்களுக்கான அடுத்த அப்கிரேடு மட்டும் வழக்கம்போல் அன்சிபிளில்தான் நடக்கும்.